ஐந்தாவது சனல்

கூட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தபோது, ஹெட்செட்டில், யாருக்கும் ஒதுக்கப்படாத ஐந்தாவது சனலில் ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"கதவைப் பூட்ட வேண்டாம். உள்ளே நாற்பது பேர் இருக்கிறோம்."

வினோதன் ஹெட்செட்டைக் கழற்றி, அது காதைக் கடித்துவிட்டதுபோல் பார்த்தான்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் அந்த மண்டபத்தில் அவன் சவுண்ட் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். மேடையில் பெரிய பதாகை: 'உலக அமைதி, பாதுகாப்பு, வளர்ச்சி: ஆபிரிக்காவின் வளர்ந்துவரும் பங்கு.' நூற்றைம்பது பிரதிநிதிகள். பேச்சுகளை உடனுக்குடன் மொழிபெயர்க்கப் பின்சுவரோடு நான்கு கண்ணாடிக் கூண்டுகள். ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, போர்த்துக்கீசு; மொழிக்கு ஒரு சனல்.

அவன் கூண்டுகளைப் பார்த்தான். ஒருவர் பேகல் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டிலும் இன்னும் ஆளே வரவில்லை.

ஹெட்செட்டை மறுபடி மாட்டினான்.

"நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறோம்," என்றது குரல்.

பன்னிரண்டு வயதில், போர்க்காலத்தில், இலங்கையின் வன்னியில், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் படுத்துக்கிடந்து அவன் அப்படித்தான் மூச்சு விட்டான். அதை ரொறன்ரோவில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தேநீர் மேசையைப் பார்க்கும் வேரோனிக்கா அன்ரியிடம் ஹெட்செட்டைக் கொண்டுபோனான். மன்னார்க்காரி. கேட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆரடா தம்பி இது?"

"தெரியேல்லை அன்ரி. கூண்டுக்குள்ள தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"இப்பிடிச் சுத்தத் தமிழ் உயிரோட இருக்கிற ஆக்கள் கதைக்கிறேல்லை. வயரைப் பிடுங்கு."

பிடுங்கினான். அவசரத்தில் பக்கத்தில் இருந்த பிரெஞ்சு வயரும் கூடவே வந்துவிட்டது. எது எதுவென்று தெரியாமல் ஒன்றைத் திரும்பச் செருகினான். கூட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடம், பிரெஞ்சு கேட்க உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மரியாதையாகக் கையை உயர்த்தினார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு ஒரு வரிசை முழுவதும்.

மனேஜர் றொய்சன் ஓடிவந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

"புரோ, பிரெஞ்சு சனல்ல கதைக்கிற லேடி ஆர்?"

"பாக்கிறன்."

"பாக்காத. ஃபிக்ஸ் பண்ணு. டுடே உன்ர லாஸ்ற் டே ஒஃப் புரொபேஷன், தெரியும்தானே?"

அவன் போனதும் வினோதன் இரண்டு வயர்களையும் அதனதன் இடத்தில் செருகினான்; ஐந்தாவதில் குரல் விடவில்லை. வேரோனிக்கா அன்ரி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார்.

"அன்ரி, தண்ணி படக்கூடாது."

"தண்ணி இல்லை, தீர்த்தம்."

மூன்று துளிதான் தெளித்தார். வயர்கள் செருகியிருந்த சவுண்ட் மிக்சர் ஒருமுறை சீறியது. அதன் சனல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான்கு மொழிகளும் செத்துப்போயின. ஐந்தாவது விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

மேடையில் அப்போது செனகல் நாட்டு ஓய்வுபெற்ற இராணுவக் கேணல், ஆறடி உயரப் பெண்மணி, பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் ஹெட்செட்டில் குரலும் நின்றது. அவர் தொடங்கினால் அதுவும் தொடங்கியது.

"பேய் அந்த மனிசியில ஏறிட்டுது," என்றார் அன்ரி, மெல்ல.

வினோதனிடம் ஒரே வழிதான் மிச்சம். ஹெட்செட்டுகளை விட்டுவிட்டு, மேடை மைக்கை நேரே ஸ்பீக்கர்களில் விடலாம். பிரெஞ்சு புரிந்தவர்களாவது கேட்கட்டும். சுவிட்ச்சைத் தட்டினான்.

மிக்சரில் உயிரோடிருந்தது ஐந்தாவது சனல் மட்டுமே; மண்டபத்தின் கூரை ஸ்பீக்கர்கள் முழுவதும் தமிழில் பேசின.

"அன்று இரவு பிள்ளைகள் அழவில்லை. அழக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது."

நூற்றைம்பது தலைகள் மேலே நிமிர்ந்தன. கேணல் பேச்சை நிறுத்தினார். குரலும் நின்றது. கேணல் சபையைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"ஏன் எல்லோரும் மேலே பார்க்கிறீர்கள்?" என்றது கூரை.

சமையலறைக் கதவு திறந்தது. கோப்பை கழுவுகிறவர்கள், மரக்கறி வெட்டுகிறவர்கள், சாப்பாடு பரிமாறுகிறவர்கள் என்று அங்கே வேலை செய்யும் தமிழர்கள் ஒவ்வொருவராக ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்கள். கேணல் அவர்களைப் பார்த்தார். ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"நான் ஒரு நாற்காலியை எடுத்துப் பள்ளிக்கூடக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். துப்பாக்கிக்காரர்கள் சிரித்தார்கள். மூன்று நாள் சிரித்தார்கள். நான்காம் நாள் ஒருவன் தண்ணீர் கேட்டான். பேச்சுவார்த்தை அங்கேதான் தொடங்கியது."

வினோதனின் விரல் சுவிட்ச்சின் மேல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் அடங்கிவிடும், வேலையும் தப்பினாலும் தப்பும். விரல் அசையவில்லை. அவன் படுத்துக்கிடந்த பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாரும் நாற்காலி போட்டு உட்காரவில்லை.

"முன்பு எங்கள் கண்டத்தில் சண்டை வந்தால், வெளியிலிருந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தோம். இப்போது நாங்களே போகிறோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்று முந்நூறு பிள்ளைகள். அதற்குத் தண்ணீர்க் குழாய் போட்டவன், அன்று என்னிடம் தண்ணீர் கேட்டவன்."

வாசலில் நின்றவர்களில் ஒருத்தி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். பிரதிநிதிகளுக்கு அந்தத் தமிழ் ஒரு சொல்கூட விளங்கவில்லை. அவர்கள் செத்துப்போன ஹெட்செட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்று கைதட்டினார்கள்.

றொய்சன் மட்டும் தட்டவில்லை. "ஒஃபீஸுக்கு வா, புரோ. இற்ஸ் ஓவர்."

"வாறன். ஒரு நிமிசம்."

எப்படியும் வேலை போய்விட்டது. ஆவியையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று ஐந்தாவது வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அது கம்பளத்துக்கு அடியில் ஓடி, மண்டபத்தைத் தாண்டி, குளிர்கோட்டுகள் தொங்கவிடும் அறைக்குள் போனது. வேரோனிக்கா அன்ரி போத்தலோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

உள்ளே இருட்டு. நூற்றைம்பது கறுப்புக் கோட்டுகள். நடுவில் ஒரு கோட்டு அசைந்தது.

"அந்தோனியாரே," என்றார் அன்ரி.

கோட்டுகளை விலக்கிக்கொண்டு கண்ணாடி போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒரு சின்ன மேசை, ஒரு மைக், ஒரு விளக்கு. கழுத்தில் ஹெட்செட் தொங்கியது.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டான் வினோதன்.

"மொரீசியஸ் நாட்டுக்காரி. அங்கே தமிழ் ஆசிரியை. ஐந்தாவது கூண்டு வைக்க இடமில்லை என்று எனக்கு நேற்று இந்த அறையை ஒதுக்கினார்கள். கூட்டம் தொடங்குமுன்பே பேச்சின் தமிழை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன்."

"ஆருக்கு இஞ்ச தமிழ்? வந்த ஆக்களில ஒருத்தரும் தமிழ் இல்லையே."

அந்தப் பெண் அவனுடைய சீருடையையும், அன்ரியின் ஏப்ரனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இந்த மண்டபத்தில் வேலை செய்கிறவர்களில் பலர் போருக்குள்ளிருந்து வந்த தமிழர்கள் என்று கேள்விப்பட்டு, உங்களுக்காகத்தான் தம்பி, கேணல் என்னை அழைத்து வந்தார், ஆனால் காலையிலிருந்து யாரோ என்னை நிறுத்தப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்."