பலாப்பழம் காரில், சரசு பஸ்ஸில்

சின்னக் காரில் நாலு பேர் போகலாம். அல்லது நாலு பேருடைய சாமான் போகலாம். இரண்டும் சேர்ந்து போகும் என்று ஒருவர் சொன்னால், அவர் கார் விற்பவராக இருப்பார், இல்லையென்றால் என்னைப் போல அப்போதுதான் கார் வாங்கியவராக இருப்பார். இந்த எளிய உண்மை என் மண்டையில் ஏற ஒரு காதுகுத்து தேவைப்பட்டது. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. (எங்கள் வீட்டில் யாருக்கும் அலுக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.)

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏற்காட்டு மலையில் நாகலூரில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். சேலத்து டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த ஒரு குட்டிக் காரை வாங்கியிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கை தங்கத்தின் மகள் சுதாவுக்குக் காதுகுத்து வந்தது. நான் ஒரே தாய்மாமன். குழந்தையை என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதற்கு முன் சீர்த்தட்டுகளைப் பெண்கள் வரிசையாக ஏந்திக்கொண்டு மேளத்தோடு மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். தங்கத்தின் கல்யாணத்தில் அவள் மாமியார், "மலையில இருந்து சீருன்னு ரெண்டு சீப்புப் பழம் கொண்டாந்தாங்க" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அந்தச் சொல் தங்கத்தை எவ்வளவு சுட்டது என்று எனக்குத் தெரியும். இந்த முறை அந்த அம்மாள் வாயடைத்துப் போக வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

சரசு, என் மனைவி, முன்கூட்டியே சொன்னாள். "ஏனுங்க, பேசாம ஒரு ஜீப்ப வாடகைக்குப் புடிச்சிரலாமுங்க. சாமானும் போயிரும், பொம்பளைகளும் போயிருவோம்."

"சொந்தக் கார நிறுத்திப்போட்டு வாடகை ஜீப்பா? எல்லாம் புடிக்கும் பாரு" என்றேன்.

பிடிக்கவில்லை. பின்சீட் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் ஒரே ஒரு பலாப்பழம்தான் போனது, அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. எங்களிடம் இருந்ததோ பலாப்பழம் இரண்டு, மலைவாழைத் தார் ஒன்று, ஆரஞ்சுக் கூடை, தேங்காய் மூட்டை, பித்தளைக் குடம், அடுக்கடுக்காகத் தாம்பாளம். பாதி சீட்டை மட்டும் மடிக்கும் வசதியெல்லாம் அந்தக் காரில் கிடையாது. மடித்தால் முழுசாக மடியும், நிமிர்த்தினால் முழுசாக நிமிரும். குணத்தில் என்னைப் போலத்தான். சாயங்காலம் வரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கடைசியில் பின்சீட்டை மடித்தேன். எல்லாம் அழகாக உட்கார்ந்தது. மிச்சம் இருந்தது முன்சீட் ஒன்று. மூட்டுவலிக்காரரான என் பெரியம்மாவால் பஸ் படி ஏற முடியாது.

சரசு ஒரு நிமிஷம் காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நானு பஸ்ஸுல வர்றனுங்க. உங்க பலாப்பழம் சொகமா கார்ல வரட்டும்."

தட்டு தூக்கத் தலைச்சோலையிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்களுக்கும் பஸ்தான் என்றாயிற்று. சாமானையும் அதைத் தூக்க வேண்டிய கைகளையும் நானே பிரித்து அனுப்புகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் காது குத்தியாக வேண்டும். விடிந்ததும் நானும் பெரியம்மாவும் கிளம்பினோம். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் நிறுத்தி அவருக்கு ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். "எனக்கெதுக்கு சாமி? நானென்ன சின்னப் புள்ளையா, வாந்தியெடுக்க?" என்றார். மலைப்பாதையில் நாலைந்து கொண்டையூசி வளைவு இறங்கியதும், "கண்ணு, நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். அவர் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம். எல்லாம் முடிந்து முகம் கழுவியதும், "என்னால உக்கார முடியாது சாமி. செத்த நேரம் படுத்துக்கோணும்" என்றார்.

எங்கே படுப்பது? பின்சீட்டில். பின்சீட் எங்கே? சீருக்கு அடியில்.

அந்தத் தூக்கக் கலக்கமான காலை வெயிலில் சீர் முழுவதையும் இறக்கிச் சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்தேன். சீட்டை நிமிர்த்தினேன். பெரியம்மாவைக் கை கால் மடக்கிப் படுக்க வைத்தேன். ஒரு பலாப்பழத்தை டிக்கியில் திணித்தேன். இன்னொன்றை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், சுவரின் மேல் ஏற்கெனவே விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஏற்காடு மலைப்பாதையில் சுவர் மேல் பழம் வைத்தால் யார் வருவார்கள் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். களைப்பில் மறந்துவிட்டேன்.

பெரிய கடுவன் குரங்கு ஒன்று வாழைத்தாரை மடியில் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி போல நிதானமாக உரித்துக்கொண்டிருந்தது. குட்டிகள் ஆளுக்கொரு ஆரஞ்சு. நான் ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டிச் சத்தம் எழுப்பினேன். மேளம் கேட்டது என்று நினைத்ததோ என்னவோ, இன்னும் நாலு வந்தன.

அப்போதுதான் மேலேயிருந்து சேலம் பஸ் இறங்கி வந்து நின்றது. ஜன்னல் நிறையத் தலைகள். அதில் ஒன்று சரசுவுடையது. சீரைப் பார்த்தாள், குரங்கைப் பார்த்தாள், தாம்பாளத்தோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். கடைசியாக முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த பலாப்பழத்தைப் பார்த்தாள். பெண்கள் இறங்கினார்கள், குரங்குகளை விரட்டினார்கள், மிச்சத்தை அள்ளினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு தட்டை மடியில் வாங்கிக்கொண்டார்கள். நான் ஒரு சாயங்காலம் முழுக்கப் படாதபாடு பட்டு ஏற்றிய சீரை அந்த பஸ் ஒரு வாயில் விழுங்கிவிட்டது.

கண்டக்டர் நல்ல மனிதர். "நீங்களும் ஏறுங்க. அம்மாவ நாங்க தூக்கி முன்னால படுக்க வெச்சுக்கறோம். கார் எங்கீங்க போயிரப் போவுது?" என்றார்.

சரசுவும் சொன்னாள். "காரப் பூட்டிப்போட்டு வாங்க. அங்க வேணும்கறது உங்க மடிதானுங்க, காரில்ல."

நான் காரைப் பார்த்தேன். அதன் கூரை மேல் கடுவன் உட்கார்ந்து வைப்பரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார். "நீங்க போங்க. நான் பின்னாலயே வந்துருவேன். பஸ்ஸ முந்திக்கூடப் போயிருவேன்" என்றேன். அன்று நான் சொன்ன முட்டாள்தனங்களில் எதற்கு முதலிடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பஸ் போயிற்று. பெரியம்மா ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா கண்ணு" என்றார். பாதி வளைவுகளில் "நிறுத்து சாமி" என்றார். அடிவாரம் வந்தபோதே வெயில் உச்சி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மண்டபத்தில் நான் நுழைந்தபோது மேளம் நின்று பந்தி நடந்துகொண்டிருந்தது. மேடையில் சரசு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சுதா, காதில் புதுக் கம்மல், கன்னத்தில் காய்ந்த கண்ணீர், வாயில் ஆரஞ்சுச் சுளை. நேரம் நெருங்க நெருங்க ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாராம். "மாமன் மடியில்லாம எப்படி?" என்று தங்கத்தின் மாமியார் ஆரம்பித்தாராம். சரசு யாரையும் கேட்காமல் மேடையேறிச் சம்மணம் போட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு, "மாமன் வர்ற வரைக்கும் மாமன் பொண்டாட்டி மடிதானுங்க மாமன் மடி. குத்துங்க" என்றாளாம். குரங்கு கடித்த வாழைத்தாரைக்கூடக் கடி தெரியாமல் திருப்பி வைத்திருந்தாள்.

தங்கம் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சீரு நொம்ப நல்லாருந்துச்சண்ணா. எங்க மாமியாரே சொன்னாங்க" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதான் வரல" என்றாள். நான் இரண்டு கையிலும் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எந்த நல்ல காரியத்துக்குப் போனாலும் வரவேற்பு ஒன்றுதான்: "காரப் பூட்டிட்டீங்களா?" காதுகுத்து ஆல்பத்தில் நான் இல்லை. சரசு இருக்கிறாள், சுதா இருக்கிறாள், குரங்கு கடித்த வாழைத்தாரும் இருக்கிறது.

சுதாவின் கல்யாணத்தில் தாய்மாமனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் முதல் ஆளாக ஏறி மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன். தான் மணப்பெண் என்றுகூடப் பார்க்காமல், அவள் நிமிர்ந்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "மாமா, காரப் பூட்டிட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. சரசுதான் சத்தமாகச் சிரித்தாள்.

உண்மையில் பூட்டவில்லை. அவசரத்தில் சாவியைக்கூட அதிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அது மேடையில்தான் நினைவுக்கு வந்தது. தாலி கட்டி முடிகிற வரை நான் அங்கிருந்து இறங்கவில்லை.