வெள்ளிப்பேப்பர் உரித்த படலம்

சுவிட்சர்லாந்தில் ஒரு வீட்டில் குடியிருப்பவர்கள் நம்மாட்களா என்று அறிய அழைப்புமணியில் பெயரைத் தேட வேண்டியதில்லை. நேரே அடுப்படிக்குப் போனால் போதும். அடுப்புக்குப் பின்சுவர், பக்கத்து அலுமாரி, புகை உறிஞ்சும் பெட்டியின் அடிவயிறு எல்லாம் அலுமினியப் பேப்பரால் போர்த்தியிருந்தால் அது தமிழ் வீடு. வெள்ளிப்பேப்பர் என்று சொல்வோம். பொரிக்கிற எண்ணெய் சுவரில் தெறித்துவிட்டால், வாடகை வீட்டை ஒப்படைக்கிற அன்று வீட்டு நிர்வாகத்திலிருந்து வருகிறவர் விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அந்தப் பயத்தில் ஒட்டுகிற பேப்பர் அது.

அதை உரிப்பதுதான் என் தொழில். வீடு மாறுகிறவர்களின் பழைய வீட்டைத் தேய்த்துக் கழுவி ஒப்படைத்துக் கொடுக்கிற கொம்பனியில் வேலை செய்கிறேன். சோலோதுர்னிலிருந்து சூக் வரை நான் உரித்த பேப்பரை விரித்தால் சூரிச் ஏரிக்கே மூடி போடலாம். (இதில் பாதி பொய். மற்றப் பாதியிலும் கொஞ்சம் பொய்.) ஓரத்தில் நகத்தை விட்டு ஒரே இழுப்பில், கிழியாமல், பசை மிச்சமில்லாமல் உரிப்பேன். இந்தத் திறமையால்தான் என் கலியாணம் முன்பின் தெரியாத ஒரு லொறிக்காரரின் வாயில் போய் மாட்டிக்கொண்டது.

தாரணியை நான் விரும்பினேன். தாரணியும் என்னை விரும்பினாள். விரும்பாத ஒரே ஆள் அவளுடைய அப்பா பரமேஸ்வரன் அங்கிள். ஷ்லீரனில் ஒரு உணவகத்தின் சமையலறையையே தன் கைக்குள் வைத்திருந்த மனிதர். அவருக்கு என் சாதகத்திலோ சம்பளத்திலோ குறை தெரியவில்லை. நான் எலெக்ட்ரீசியன் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்து பாதியில் விட்டவன் என்பதுதான் குறை.

"தொடங்கினதை முடிக்கத் தெரியாத பெடியன்" என்று அவர் சொன்னதைத் தாரணி எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். (காதலிகள் இப்படியான செய்திகளைச் சுருக்கிச் சொல்வதில்லை.)

அங்கிள் இளவயதில் ஊரில் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். இங்கே வந்த புதிதில், வீட்டைக் காலி செய்த ஒரு சுவிஸ்காரரிடம் பழைய பேஸ் அம்பிளிபயர் ஒன்றை வாங்கியிருந்தார். அந்தக் கால ரேடியோ போல உள்ளே கண்ணாடி வால்வுகள் எரிகிற, இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய பெட்டி. அது பல வருடங்களாக நிலவறையில் செத்துக் கிடந்தது. அவருடைய அறுபதாவது பிறந்தநாள் வந்தது.

"அந்தப் பெட்டி திரும்ப வேலை செய்தால் அப்பா அண்டைக்கு இளகிப் போயிடுவார். அண்டைக்கே எங்கடை விசயத்தைக் கேட்டிடலாம். உங்களாலை ஏலுமோ?" என்றாள் தாரணி.

"இதென்ன பெரிய வேலையே" என்றேன். (வால்வை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.)

பெட்டியையும் அவருடைய கிட்டாரையும் என் வண்டியில் ஏற்றும்போது அங்கிள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, முழுசாச் செய்து தருவீரோ, இல்லை பாதியிலை விடுவீரோ?"

"முழுசா, அங்கிள்."

அந்தச் சொல்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

வேலையை நான் பயந்து பயந்து செய்தேன். இந்தப் பெட்டிகளில் வயரைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும். அதை முதலில் இறக்காமல் கையை விட்டால் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பதிலாக நான் செத்த முப்பத்தோராம் நாளுக்குத்தான் ஆட்கள் வருவார்கள். வாசித்தேன், வீடியோ பார்த்தேன், பாதியில் விட்ட பயிற்சியின் கொப்பிகளைக்கூடத் தேடி எடுத்தேன். ஊதிப்போன கண்டென்சர்களைக் கழற்றிப் புதியவற்றை ஈயம் வைத்து ஒட்டினேன். களைத்துப்போன வால்வுகளை மாற்றினேன். கரகரத்த வொலியூம் குமிழை மாற்றினேன். வெடித்த மின்வயருக்குப் பதிலாகப் புது வயர் போட்டேன். கிட்டாரைச் செருகி ஒரு தந்தியைத் தட்டியதும் என் அலுமாரிக் கோப்பைகள் எல்லாம் கிணுகிணுத்தன. என்னை நானே தோளில் தட்டிக்கொடுத்தேன்.

மனுசன் அதோடு மூடியைப் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் 'முழுசா' என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்தேன். பெட்டியின் மரக்கூரையின் உட்புறத்தில், பழுப்பேறி, ஓரம் சுருண்டு, தூசி அப்பி... வெள்ளிப்பேப்பர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அட, சுவிஸ்காரரும் நம்மைப் போலத்தானா! இறைச்சி பொரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசித்திருப்பாராக்கும் என்று நினைத்தேன். நினைத்து முடிக்க முன்னமே என் நகம் ஓரத்துக்குப் போய்விட்டது. ஒரே இழுப்பு. பிறகு பசையைச் சுரண்டி, மருந்து போட்டுத் துடைத்து, மரத்துக்கு எண்ணெயும் பூசினேன். நிர்வாகத்து ஆள் வந்து தடவியிருந்தால் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். மறுபடி போட்டுப் பார்த்தபோது பெட்டி இலேசாக 'ம்ம்ம்' என்று முனகியது. புது வால்வ், பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

விழா, ஷ்லீரனில் ஒரு மண்டபத்தில். பக்கத்தில் சரக்குக் கிடங்கு, லொறிகள் வந்து திரும்புகிற முற்றம். அங்கிள் கோட் சூட்டோடு மேடையேறி, கிட்டாரை மாட்டி, பெட்டியின் சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்' என்றது.

"சுருதிப் பெட்டியும் வைச்சிருக்கினம் போலை" என்று எனக்கு முன்னால் இருந்த அன்ரி பக்கத்து அன்ரிக்கு விளக்கினார். நான் மறுக்கவில்லை.

முதல் பாட்டு அருமையாகப் போனது. அங்கிளின் விரல்கள் எதையும் மறக்கவில்லை. கண்ணை மூடி வாசித்த அவர் முகத்தைப் பார்க்க எனக்கு, என் சுயநலத்தையெல்லாம் தாண்டி, உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. தாரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் அங்கிள் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெட்டி செத்துப் போச்செண்டு நினைச்சன். இதை எழுப்பித் தந்தது எங்கடை தம்பி சுதன்." கைதட்டல். நான் எழும்பி, இருந்து, மறுபடி எழும்பினேன். "இன்னொண்டும் சொல்ல வேணும். எங்கடை தாரணிக்கு..."

தாரணி என் கையைப் பிடித்தாள். கேட்கவே தேவையில்லை, மனிதர் தானாகவே சொல்லப்போகிறார்! அந்த நேரம் பெட்டி வாயைத் திறந்தது.

"நை, நை! டே ஹாஷ் நூட் ப்ரூஹே!"

கனத்த ஆண்குரல். சுத்தமான சூரிச் பக்கத்து ஜேர்மன். மண்டபத்தில் அது விளங்காதவர் யாருமில்லை: வேண்டாம், வேண்டாம், இது ஒன்றுக்கும் உதவாது! இதுவோ, இவனோ, அந்தப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

அங்கிள் பெட்டியைப் பார்த்தார். பெட்டி தொடர்ந்தது. "ஷிக் என் ட்ஸ்ருக்!"

திருப்பி அனுப்பு. அகதி வழக்கு எழுதிவிட்டு வருடக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்த்து நடுங்கிய ஒரு மண்டபம் நிறைந்த மக்களின் நடுவில், ஒரு சுவிஸ் குரல், திருப்பி அனுப்பு என்கிறது. இரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் துள்ளி எழும்பி, "என்னட்டைச் சுவிஸ் பாஸ்போட் இருக்கு, சிவப்புப் பாஸ்போட்!" என்று சத்தம் போட்டார். "ஆரையாம்? ஆரைத் திருப்பி அனுப்பட்டாம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். தாரணியின் அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். "அசரீரி" என்று அன்ரி நெஞ்சில் கை வைத்தார்.

அங்கிள் ஒருவர்தான் நிதானமாக இருந்தார். பெட்டிப் பக்கம் குனிந்து, அலுவலகத்தில் கதைக்கிற மரியாதையான ஜேர்மனில், "யார் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். பெட்டி, இங்கே இவனுக்கு இடமில்லை என்று பதில் சொன்னது.

தாரணி யன்னலுக்கு ஓடினாள். முற்றத்தில் ஒரு லொறி. உள்ளே ஓட்டுநர், ஒரு கையில் சிகரெட், வாயருகே ரேடியோ மைக். பிழையாக வந்து சேர்ந்த ஒரு ட்ரெயிலரைப் பற்றிக் கூட்டாளியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள், "அசரீரி வெளியிலை லொறிக்குள்ளை இருந்து சிகரெட் பத்துது."

மண்டபம் சிரித்து முடிய நெடுநேரம் எடுத்தது. அதற்குள் அங்கிள் வயரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்திருந்தார். என்னை விரலால் அழைத்தார்.

"தம்பி, இதுக்குள்ளை ஒரு வெள்ளிப்பேப்பர் இருந்தது."

"ஓம் அங்கிள்."

"அது எங்கை?"

"கிளீன் பண்ணிட்டன், அங்கிள்."

"அது அழுக்குக்கு ஒட்டினதில்லையடாப்பா. வெளி ரேடியோச் சத்தம் உள்ளுக்கை வராமல் மறிக்கிற பேப்பர்."

எனக்குத் தெரியாத வேலையெல்லாம் சரியாகச் செய்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலையில்தான் கவிழ்ந்திருந்தேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஷ்லீரனில் எல்லா இடமும் கொங்கிரீட்.

அங்கிள் சமையல் பக்கம் திரும்பி, "இஞ்சரும், ரோல்ஸ் தட்டிலை மூடின பேப்பரைக் கழட்டிக் கொண்டு வாரும்" என்று மனைவியிடம் சொன்னார். வெள்ளிப்பேப்பரை உரிப்பதில் விண்ணனான நான், முழு மண்டபமும் பார்த்திருக்க, வாழ்க்கையில் முதல்தடவையாக வெள்ளிப்பேப்பர் ஒட்டினேன். முனகல் நின்றது. லொறிக்காரரும் நின்றார். பெட்டி சூடாகச் சூடாக மட்டன் ரோல்ஸ் மணந்தது மட்டும்தான் மிச்சம். அங்கிள் மைக்கை எடுத்து, "இவருக்கு முடிக்கத் தெரியாதெண்டு நினைச்சன். நிப்பாட்டத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். தாரணியைப் பற்றிய வசனம் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

அன்று நாங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை. போன் வந்தாலும் எடுக்காமல் கிடந்தேன். இரண்டு கிழமை கழித்துத் தாரணி என் வேலையிடத்துக்கே வந்து ஒரு பொதியை நீட்டினாள். உள்ளே ஒரு புது வெள்ளிப்பேப்பர் உருளை, சமையலறைகளுக்கு வாங்குகிற பெரிய அளவு.

"அப்பா தந்துவிட்டவர்," என்றாள். "நாங்கள் ரெண்டு பேரும் வீடெடுத்தால் அடுப்படிக்குத் தேவைப்படுமாம்."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். (சவர்க்கார மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்று கூட வேலை செய்தவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.)

இன்றைக்கும் அந்தப் பெட்டி, எனக்கு மாமாவாகிவிட்ட அங்கிளின் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறது. சோபா வாங்குவதா, லீவுக்கு ஊருக்குப் போவதா, எதைக் கேட்டாலும் மாமா அதன் பக்கம் காதைச் சாய்த்து, "பொறும், பெட்டி என்ன சொல்லுதெண்டு கேப்பம்" என்பார். நான் கறிக்கு உப்புப் போட மறந்தால், என் பிள்ளைகள் சுவைத்துப் பார்த்துவிட்டு ஒரே குரலில் "ஷிக் என் ட்ஸ்ருக்!" என்பார்கள்.

போன மார்கழியில் ஒருநாள், இத்தனை வருடமும் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். "மாமா, அண்டைக்கு 'எங்கடை தாரணிக்கு' எண்டு தொடங்கினியள். என்ன சொல்ல வந்தனியள்?"

"அடுத்த பாட்டு எங்கடை தாரணிக்குப் பிடிச்ச பாட்டு எண்டு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். உமக்குப் பொம்பிளை தாற எண்ணம் எனக்கு அப்ப துண்டற இல்லை."

"பிறகு எப்பிடி ஓம் எண்டனியள்?"

மாமா தேநீரை வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். "என்ரை பிள்ளைக்கு ஆர் வேணும், ஆர் வேண்டாமெண்டு ஒரு லொறிக்காரனோ தீர்ப்புச் சொல்லுறது? வேண்டாமெண்டு சொல்ல நான் இருக்கிறன். அவன் முந்திட்டான். பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

எங்கள் கலியாணத்துக்கு நாங்கள் எத்தனையோ பேரைக் கூப்பிட்டோம். அந்த லொறிக்காரருக்கு ஒரு கார்ட்கூடக் கொடுக்கவில்லை.