புறாவின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி

நெருப்பு, சக்கரம், பிளாஸ்டிக் புறா. மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் இவை மூன்றுதான். இவற்றில் மூன்றாவதை, நிஜப் புறாவைச் சுடுவதற்கு ஏமாற்றி வரவழைக்கும் அந்தப் பொம்மையை, முறைப்படி வயலில் நிறுத்தத் தெரிந்தவர்கள், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் 'பயிர்ப் பாதுகாப்புப் புறா வேட்டைச் சங்க'த்தில் மட்டுமே இருக்கிறார்கள்.

நான் சங்கத்தின் அறிவியல் ஆலோசகர். தேவாலயத் தேநீர் விருந்து ஒன்றில், விலங்கியல் படித்திருப்பதாக வாய் தவறிச் சொன்னதால் கிடைத்த பதவி. கூட்டங்களில் நான் பேசுவதில்லை. பேசாவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள், பப்பின் பின்னறையில் நாங்கள் கூடியிருந்தபோது ஹில்டா பிராக் வந்தார். சேற்றுக் காலணியோடு, தனியாகப் பண்ணை நடத்துகிறவர்.

"பட்டாணி இப்பத்தான் முளைச்சிருக்கு" என்றார். "காட்டுப்புறா வந்து குருத்தைக் கிள்ளித் தின்னுது. மே கடைசியில, பட்டாணி வாங்குற தொழிற்சாலைக்காரர் வயலைப் பார்க்க வர்றார். பயிர் இல்லேன்னா இனிமே எங்கிட்ட வாங்க மாட்டாங்க. அப்புறம் பண்ணையை வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

தலைவர் கிளிஃபர்ட் தோரோல்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எத்தனை புறா?"

"ஒரு முப்பது இருக்கும். வெடிச் சத்தம் கேட்டா பறந்துடும்."

"வெடியா?"

"காஸ் வெடி. அரை மணிக்கொரு தரம் தானா வெடிக்கும்."

பொம்மைப் பிரிவுப் பொறுப்பாளர் டெஸ்மண்ட் கையிலிருந்த பியரைக் கீழே வைத்துவிட்டார். மனிதர் அப்படி வைத்து யாரும் பார்த்ததில்லை.

"முதல்ல அதை நிறுத்துங்க" என்றார் கிளிஃபர்ட். "பயந்த புறா பொம்மையை நம்பாது, ஹில்டா. இந்த வயல்ல பயமே இல்லேன்னு அதுக்குத் தோணணும். நாலு சொந்தபந்தத்தைக் கூட்டிக்கிட்டு வரணும். அப்புறம்தான் நாம இறங்கணும். இதுக்கு 'நம்பிக்கை வளர்ப்புக் காலம்'னு பேரு."

"அதுவரைக்கும் அதுங்க என்ன பண்ணும்?"

"சாப்பிடும்."

"எதை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறிவியல் பேசியாக வேண்டிய கட்டம்.

"பட்டாணியை" என்றேன்.

"பார்த்தீங்களா, விஞ்ஞானமே சொல்லுது" என்றார் கிளிஃபர்ட்.

காஸ் வெடி நின்றது. நம்பிக்கை வளர்ந்தது. முப்பது புறா முந்நூறானது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தகப்பனைப் போல, கிளிஃபர்ட் தினமும் வேலியோரம் நின்று பைனாகுலரில் பார்த்துப் பூரித்தார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஹில்டா வாணலியும் கரண்டியுமாக வயலுக்குள் ஓடினார்.

டெஸ்மண்ட் குறுக்கே விழுந்து தடுத்தார். "கரண்டியைக் கீழ போடுங்க, ஹில்டா. புறா பார்க்குது."

"பார்க்கட்டும். எம் பட்டாணிய்யா அது."

"அவசரப்பட்டா எல்லாம் கெட்டுப்போயிரும்."

"இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

இது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி என்பதால் சங்கம் இதைப் பரிசீலிக்கவில்லை. மேலும் சங்கத்துக்கு நேரமும் இல்லை. பொம்மைகளைக் குதிரை லாட வடிவத்தில் நிறுத்தி, நிஜப் புறா வந்து இறங்க நடுவே இடம் விட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாப் பொம்மையும் காற்றைப் பார்த்து நிற்க வேண்டுமா, இரண்டொன்று பக்கவாட்டில் திரும்பினால் 'இயல்பாக' இருக்குமா என்பதில்தான் சங்கம் பிளவுபடும் நிலைக்கே போனது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு பக்கவாட்டுக் கட்சி வென்றது.

மே கடைசி வாரம் வயலில் இறங்கினோம். விடியற்காலை. லாடம் அப்பழுக்கில்லாமல் அமைந்தது. சுழல் கருவியில் கட்டிய இரண்டு பொம்மைப் புறாக்கள் வட்டமடித்தன. வலை மறைவுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஒரு புறாவும் வரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். தின்பதற்கு ஒன்றுமில்லாத வயலில் நல்ல புறா எதற்கு வரும்?

நண்பகலில், வேலிக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்த டெஸ்மண்ட் திரும்பி வந்தார். வயலில் புறாக்கள் அமர்ந்திருப்பதைக் கண்டார். அவர் துப்பாக்கியின் இரண்டு குழலும் வெடித்தன.

"டெஸ்மண்ட்" என்றார் கிளிஃபர்ட் மெதுவாக. "அது நம்மளது."

"அசல் மாதிரியே இருந்துச்சு, கிளிஃபர்ட்."

"உண்மைதான். அந்தப் பக்கவாட்டுல நிக்கறதுதான் காரணம்."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பொம்மையின் தரம் இவ்வளவு திட்டவட்டமாக நிரூபணமானது அதுவே முதல் முறை.

அந்த நேரத்தில்தான் ஹில்டாவோடு தொழிற்சாலைக்காரர் வந்தார். வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"பட்டாணி எங்க?"

கிளிஃபர்ட் முன்னே வந்தார். "அதை விடுங்க. ஒரு புறாவாவது தெரியுதா, சொல்லுங்க."

தொழிற்சாலைக்காரர் வானத்தைப் பார்த்தார். ஹில்டாவைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க, ஹில்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

"எங்கிட்ட ஒரு வயல் பட்டாணியும் முப்பது புறாவும் இருந்துச்சு, கிளிஃபர்ட்" என்றார் ஹில்டா. "இப்ப ரெண்டும் இல்ல."

"பாதி ஜெயிச்சுட்டோம்ல" என்றார் கிளிஃபர்ட்.

ஜூனில் பண்ணை வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை வந்தது. ஹில்டாவின் பொறுமைக்குச் சங்கம் நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நான் எதுவும் பேசவில்லை, ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த வாரம் பக்கத்துப் பண்ணைக்குப் போகிறோம். தாமதமாக விதைத்த பட்டாணி, இளம் பச்சையாக, செழித்து நிற்கிறது. இதுவரை அங்கே ஒரு புறாகூட வரவில்லை. அந்தக் குறையைச் சங்கம் தீர்த்து வைக்கும்.