மறக்கத் தெரியாத மைனாக்கள்

முகில்நாட்டில் ஆளுக்கொரு மைனா உண்டு. வீடு எங்கே, உடம்புக்கு என்ன, நகையை எங்கே ஒளித்திருக்கிறோம் என்பதையெல்லாம் அதன் காதில் சொல்லியாக வேண்டும். சொல்லாதவர்களுக்கு அரண்மனை அரிசி கிடையாது. ஆனால் மைனாக்கள் அரண்மனையில் இல்லை. மேகம் படியும் குன்றின் உச்சியில் பொதியப்பன் என்பவர் கூண்டுகள் கட்டி, அரசுக்காக அவற்றைப் பராமரித்துவந்தார். தீனி போடும் வேலையை அவர் சந்தை வியாபாரிகளிடம் விட்டிருந்தார். தீனி போடுகிறவன் காதைப் பொத்திக்கொண்டா போடுவான்?

வடிவம்மை துணிக்குச் சாயம் தோய்க்கிறவள். அடித்தே கொன்றுவிடுவான் என்று பயந்து, புருஷனை விட்டுவிட்டு மகளோடு ஊரின் மறுகோடியில் ஒளிந்து வாழ்ந்தாள். ஒருநாள் அவன் அரிவாளோடு வாசலில் நின்றான்.

"ஒன் மைனாதான்டி வழி சொல்லுச்சு" என்று சிரித்தான்.

பின்வாசல் வழியாக மகளை இழுத்துக்கொண்டு ஓடித் தப்பினாள். மகளை வேறிடத்தில் மறைத்துவிட்டு, நேராக மந்திரி ஆணைமுத்துவின் முன் போய் நின்றாள்.

"அய்யா, அந்த மைனாவை மறக்க வையுங்க. இல்லேன்னா என் புள்ள உசுரோட இருக்காது."

"அம்மா, எதைக் கேட்பது, எதற்காகக் கேட்பது என்று தீர்மானிப்பது மட்டுமே அரசின் பணி. மைனா எம் கையிலா இருக்கிறது?" என்று மந்திரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன.

மூச்சிரைக்கக் குன்றேறினாள். பொதியப்பன் அவளுக்கு மோர் கொடுத்து உபசரித்தார்.

"கூண்டு மட்டுமே எம்முடையது தாயே. மைனா அரசுச் சொத்து. உத்தரவின்றி ஓர் இறகைக்கூடத் தொடமாட்டோம். தவிர, மைனாவுக்கு மறக்கத் தெரியாது."

மக்கள் குறை தீர்க்க மந்திரிசபை கூடியது. முறையிடுகிறவர் உண்மையானவர்தானா என்று அறிய, அவர் தன் புதிய இருப்பிடத்தை இன்னொரு மைனாவிடம் சொல்ல வேண்டும் என்று ஆணை பிறந்தது. மைனா செத்துப்போனால் தகவல் அழிந்துவிடுமே என்ற கவலையில், எல்லோருக்கும் இரண்டு மைனாக்கள் என்று அடுத்த ஆணை வந்தது. ஒரு வாய் காட்டிக்கொடுத்தது போதாதென்று இரண்டு வாய்! இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வடிவம்மை புது இடத்தைச் சொல்லவில்லை. அரிசி நின்றது. மகள் பசியில் சுருண்டு படுத்தாள். அப்போதும் வடிவம்மை அழவில்லை; எழுந்து அரண்மனை வாசலுக்குப் போனாள். அங்கே காத்திருந்த புது மைனாவின் காதில் நிதானமாகச் சொன்னாள்.

"மகாராஜாவுக்கு இருக்கிறது ஒட்டு மீசை. அதுக்குச் சாயம் போடுறது நான்தான்."

மைனா குன்றுக்குப் போனது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்க அதே பேச்சு. மந்திரி பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் குன்றேறி ஓடினார்.

"உத்தரவு!" என்று கத்தினார்.

"சித்தம்!" என்றார் பொதியப்பன்.

யார் பொறுப்பு என்று அன்றைக்கு ஒருவரும் விவாதிக்கவில்லை. மைனாவைக் கறுப்புத் துணி மூடிய கூண்டில் வைத்து, ஒரு வாழ்த்துப் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். அது மீசையை அடியோடு மறந்துவிட்டது.

வடிவம்மையைப் பிடிக்கச் சேவகர்கள் கிளம்பும் முன்பே அவள் மந்திரியின் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"மறக்க வைக்க முடியுதுல்ல? என் மைனாவுக்கும் அந்தத் துணியைப் போடுங்க."

"அது வேறு, இது வேறு" என்றார் மந்திரி.

"அப்ப எனக்குத் தெரிஞ்ச மத்ததையும் மைனாகிட்டச் சொல்றேன். ஒங்க வீட்டுத் துணியும் என்கிட்டதானே வருது?"

மந்திரி அவளைப் பார்த்தார். அவள் இமைக்கவில்லை. அவர் எழுத்தாணியை எடுத்து உத்தரவு எழுதி முத்திரை வைத்தார். மகளின் மைனாவுக்கும் சேர்த்து எழுத வைத்துவிட்டுத்தான் வடிவம்மை எழுந்தாள்.

அடுத்து யார் என்று மந்திரி நிமிர்ந்து பார்த்தார். அரண்மனைச் சமையல்காரர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பல்லக்குத் தூக்கிகள். அவர்களுக்கும் பின்னால், அந்தப்புரத்துத் தாதிகள்.