பொன்னுருக்கலும் மூன்றுகால் ஸ்டாண்டும்

ஒழுங்கில்லாதவன் விடும் பிழையைவிட ஒழுங்கானவன் விடும் பிழை பெரியது. ஏனென்றால் அவன் அதைத் திட்டமிட்டு, நேரம் குறித்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுச் செய்கிறான். இதை நான் நாற்பத்தாறாவது வயதில், கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டு ஹோலில், சொந்தபந்தம் எல்லோருக்கும் முன்னால் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் எனக்கு யூடியூப் ஆசை பிடித்திருந்தது. நாட்குறிப்பு எழுதுவது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுப்பது என் திட்டம் (உலகம் கேட்கவில்லை). புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடையில் போய் நின்று, விலை உயர்ந்த கமராவெல்லாம் வேண்டாம், என் போனுக்கு ஏற்ற மலிவான சாமான் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"தொடங்குறவங்களுக்கு இது காணும் சேர். எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க."

உள்ளே ஒரு மூன்றுகால் ஸ்டாண்ட், வட்டமாக எரியும் ரிங் லைட், சட்டைக் கொலரில் குத்துகிற மைக். புது ரப்பர் வாசம் அடித்தது. அந்த வாசம் இப்போது எங்கே அடித்தாலும் எனக்குக் காது சூடாகும்.

மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். உரிக்காத தேங்காய் ஒன்றுக்கு என் பழைய கண்ணாடியை மாட்டி, அதை முகமாக வைத்துப் படம் பிடித்துப் பார்த்தேன். கண்டறிந்ததையெல்லாம் கொப்பியில் எழுதினேன். ரிங் லைட்டை நேரே வைத்தால் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையம் விழும், சரித்து வைக்க வேண்டும். மலிவான ஸ்டாண்டுக்குக் கால் பலமில்லை, நடுவில் ஒரு சீனிப் பையைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடாது. படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பார்க்கும், சத்தம் தெளிவில்லாவிட்டால் பார்க்காது. ஆகவே மைக்தான் முக்கியம். (இவையெல்லாம் இன்றைக்கும் சரிதான். என் ஆராய்ச்சியில் பிழையில்லை. ஆராய்ச்சி செய்தவனில்தான் பிழை.) முதல் வீடியோவை மூன்று பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு தரம் பார்த்தவன் நான்.

அந்த நேரம்தான் அக்காவின் மகன் சுதனுக்குக் கலியாணம் சரிவந்தது. பெண் நிரோஷா, கொட்டாஞ்சேனை. கலியாணத்துக்கு நாலு நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னைப் பொற்கொல்லரான ஆசாரியார் சுபநேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் உருக்குவார். அதற்குப் பெண் வரக்கூடாது. பொன் உருகியபின், தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. அக்கா இந்த விஷயத்தில் இம்மியும் விடமாட்டா.

சுதனின் தமக்கை வாசுகி மெல்பேர்னில் எட்டு மாதக் கர்ப்பிணி. விமானத்தில் ஏற முடியாது. போனில் அழுதாள்.

"மாமா, தம்பீன்ர கலியாணத்துக்குத்தான் நான் இல்லை. பொன்னுருக்கலையாவது எனக்குக் காட்டுங்கோ."

"நீ வீட்டில இருந்தே பார்ப்பாய்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்காவுக்கு நம்பிக்கையில்லை. "தம்பி, கலியாணத்துக்குப் பிடிக்கிற வீடியோக்காரனையே இதுக்கும் வரச்சொல்லுவம்."

"அக்கா, நானும் வீடியோக்காரன்தான்."

"ஓம், மூண்டு பேர் பார்க்கிற வீடியோக்காரன்."

இதற்குமேல் ஒரு மனிதன் பின்வாங்க முடியுமா? கொப்பியை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இரண்டு பத்தி பிரித்தேன்: 'வருவோர்', 'வர இயலாதோர்'. இரண்டாவது பத்தியில் உள்ளவர்களுக்கு வீடியோ அழைப்பு அனுப்புவதென்று முடிவு. வாசுகியை எழுதினேன். வத்தளையில் கால் முறிந்து கிடந்த சித்தப்பாவை எழுதினேன். பிறகு நிரோஷா. அவள் வரமாட்டாள், அது சம்பிரதாயம். வராதவள் எந்தப் பத்தியில் வருவாள்? சந்தேகமே இல்லாமல் எழுதி, அருகில் சரி அடையாளமும் போட்டேன்.

அன்றைக்கு அந்த ஹோல் எவ்வளவு அழகாக இருந்தது! ஜன்னலுக்கு அப்பால் ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். தரையில் நிறைகுடம், குத்துவிளக்கு, ஆசாரியாரின் சிரட்டைக் கரி. நெருப்புக்காக ஃபேனை நிற்பாட்டியிருந்தார்கள், எல்லோரும் வியர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசுகியின் முகத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டதால் போனை வயரால் டிவியோடு இணைத்திருந்தேன். மகள் டிவியில் கை அசைத்ததும் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

"பரவாயில்லையடா தம்பி" என்றா. (நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை.)

ஆசாரியார் ஊதுகுழலை எடுத்தார். பொன் சிவந்தது. விளிம்பு மெல்ல நெகிழ்ந்தது. அப்போது டிவியில் வாசுகி சிறுத்து ஒரு மூலைக்குப் போனாள். யார் பேசுகிறார்களோ அவர்களைப் பெரிதாகக் காட்டுவது அந்த அழைப்பின் வழக்கம். திரை முழுக்க, முகம் நிறைய மஞ்சளும் கடலைமாவும் பூசி, தலையில் துவாய் கட்டிய நிரோஷா.

"சொறி மாமா, லேட்டாகிட்டுது. உருகிட்டுதா?"

டிவிக்கு நேர் எதிரே மணையில் இருந்த சுதன்தான் முதலில் வாய் திறந்தான்.

"என்னப்பா இது, முகத்தில தோசைமாவா?"

நிரோஷா கத்தினாள். அக்கா அதைவிடப் பலமாகக் கத்தினா: "கண்ண மூடடா!"

நான் பாய்ந்துபோய்க் கையை விரித்து டிவியை மறைத்து நின்றேன். அக்கா வாங்கியிருந்தது பெரிய டிவி. நான் மெலிந்தவன். நிரோஷா என் இரண்டு பக்கத்தாலும் தெரிந்தாள். பாய்ந்த வேகத்தில் கால் வயரில் மாட்டியது. ஸ்டாண்ட் சீனிப் பையோடு சரிந்தது. ரிங் லைட் நிறைகுடத்தின் மாவிலையில் தலையை வைத்துப் படுத்து, அங்கேயும் எரிந்தது. அத்தான் வயரைப் பிடுங்கினார். டிவி இருண்டது. தரையில் மல்லாந்து கிடந்த போனிலிருந்து வாசுகியின் குரல் வந்தது.

"மாமா, எனக்கு நிக்கிற ஃபேன் மட்டும்தான் தெரியுது! உருகினத நான் பார்க்கேல்லை, மாமா!"

பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாதவள் பார்த்துவிட்டாள். மலிவான சாமானால் இதற்கு மேல் ஒரு மனிதன் சாதிக்க முடியாது.

அக்கா சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டா. "உருகினாப் பிறகு முகம் பார்த்திட்டினம். இனி நாளை மாத்தத்தான் வேணும்." அவ பகிடிக்குச் சொல்லவில்லை. மண்டபம் பதிந்து, கார்ட் கொடுத்து முடிந்திருந்தது. சுதன் இன்னும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் இருந்தான்.

ஆசாரியார் மட்டும் தலை நிமிரவில்லை. கரியைக் கிளறினார்.

"அம்மா, ஆர் சொன்னது உருகினதெண்டு? ஒரு ஓரம் இன்னும் கிடக்கு. இனித்தான் உருகப்போகுது. அந்தப் பிள்ளைக்குக் காட்டுறதெண்டா இப்ப காட்டுங்கோ."

முதலில் நிரோஷாவை அழைப்பிலிருந்து நீக்கினேன் (இரண்டு தரம் சரிபார்த்தேன்). பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசாரியாருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். ஸ்டாண்ட் இல்லை, ரிங் லைட் இல்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும். ஊதுகுழல் ஊத, பொன் தளதளத்து, ஒரு சொட்டுச் சூரியன் மாதிரித் திரண்டு உருண்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் மெல்பேர்னிலிருந்து வந்தது. அக்காவும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் மகளைப் பார்த்தா. நாள் மாறவில்லை.

ஆசாரியாரை வழியனுப்பப் போனபோது லிஃப்டில் கேட்டேன், உண்மையாகவே உருகவில்லையா என்று.

"அது முதலே வடிவா உருகினது தம்பி. பொன்னை எத்தினைதரமும் உருக்கலாம். உங்கட அக்காவை உருக்கிறதுதான் கஷ்டம்."

அக்காவும் அத்தானும் இப்போது மெல்பேர்னில். அந்த வீட்டு ஜன்னலில் வேறு யாருடையதோ துணி காய்கிறது. ரயிலில் போகும்போது பார்ப்பேன். அக்கா போனில் எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில், "ஒரு பட்டியலும் போட்டுடாதை" என்றுதான் முடிப்பா.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் நிரோஷாவின் தம்பிக்குப் பொன்னுருக்கல். என்னை டிவிக்கு எதிர்ப்பக்கம் கதிரையில் இருத்தி, போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விளக்கு ஏற்றுமுன் நிரோஷாவின் தாய் டிவியின் வயரைக் கழற்றி, புது வேட்டி ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினா. பெண் பகுதியால் வந்திருந்த ஒருவர் கேட்டார், "இது என்னத்துக்கு?"

நிரோஷாவின் தாய் என்னைப் பார்த்தா. பதில் சொல்லுமுன், பக்கத்தில் இருந்த வயதான மாமி ஒருவர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாதே? அது எங்கட பழைய சம்பிரதாயம். முந்தியும் இப்பிடித்தான் செய்யிறவை."

எல்லோரும் பக்தியோடு தலையசைத்தார்கள். வேட்டியின் ஒரு முனை மட்டும் சரிந்து தொங்கியது. எழுந்துபோய், இரண்டு பக்கமும் சமமாக வரும்படி இழுத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன்.