ரப்பர் பேண்ட் போடாத கேசட்

“நான் யாருக்கும்...” என்று ஆரம்பித்த டைப்பிஸ்ட் அதற்கு மேல் போக முடியாமல் தும்மினார். துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பூச்சி உருண்டை வாசனையில் பேசினால் தும்மல் வராமல் என்ன செய்யும்?

“அழிச்சிட்டு முதல்லேர்ந்து பேசுங்க மாமா,” என்றான் வெளியே நின்ற மைத்துனன். “தும்மலோட கேட்டா தன்னம்பிக்கை வராது.”

“வெளியில வச்சுப் பேசினா பக்கத்து வீட்டுக்குக் கேக்குமேப்பா.”

“கேக்கட்டுமே.”

“கேட்டா சிரிப்பாங்க.”

“அந்தப் பயத்துக்குத்தானே மாமா இந்த வைத்தியமே.”

டேப் ரெக்கார்டர் வீட்டில் ஒரு உறுப்பினர் மாதிரி இருந்த காலம் அது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போடுவார்கள். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றி, போன பாட்டை மீட்டுக்கொண்டு வருவார்கள். பதிவு செய்ய வேண்டுமென்றால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் எல்லோருக்கும் கை சற்று நடுங்கும். நம்முடைய டைப்பிஸ்டுக்கு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நடுங்கும்.

இரும்பு அலமாரி செய்து விற்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. மேனேஜர் தாம் எழுத வேண்டிய கடிதங்களையெல்லாம் கேசட்டில் பேசி அனுப்புவார். டைப்பிஸ்ட் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவற்றை அடிப்பார். மேனேஜர் குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. அவர் அறைக்குள் தும்மினால் வாசலில் சைக்கிள் மணி அதிரும் என்று அட்டெண்டர் சொல்வார். அந்தக் குரலை நாள் முழுக்க இரண்டு காதிலும் வாங்கி வாங்கி, டைப்பிஸ்டின் சொந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டது. செருப்புக் கடைக்காரர் “இதுதான் உங்க அளவு” என்று சொல்லிவிட்டதால், கடித்தாலும் பரவாயில்லை என்று ஒரு வருஷம் அந்தச் செருப்பிலேயே நடந்தவர் அவர்.

ஆனால் இப்போது விஷயம் முற்றிவிட்டது. ஹெட் கிளார்க் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலி ஜன்னலோரத்தில் இருக்கிறது. வேப்பங்காற்றும் வெளிச்சமும் வரும் இடம். வரிசைப்படி அது டைப்பிஸ்டுக்குச் சேர வேண்டியது. மேனேஜர் வழக்கமோ, வாய் திறந்து கேட்டவருக்குத்தான் எதையும் கொடுப்பது. நேற்று வேலைக்கு வந்த கணக்கு கிளார்க் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

“இந்தத் தடவையும் கேக்காம வந்தீங்க, ரிட்டையர் ஆகற வரைக்கும் அந்தச் சுவத்தைத்தான் பாத்துட்டு இருக்கணும்,” என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அதனால்தான் மைத்துனனைக் கூப்பிட்டது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்பவன். அவன் கம்பெனியில் இந்த வைத்தியத்தைச் சொல்லித் தந்திருந்தார்கள். தைரியமான வார்த்தைகளைத் தன் குரலிலேயே பதிவு செய்து, தினமும் காலையில் கேட்க வேண்டும். கேட்கக் கேட்க மனசு நம்பிவிடுமாம்.

வீட்டில் இருந்ததெல்லாம் மனைவியின் பாட்டுக் கேசட்டுகள். “அதுல கை வச்சீங்க, அப்புறம் தன்னம்பிக்கை இருந்தும் பிரயோஜனம் இல்லை,” என்றாள். ஆகவே, நாடா சிக்கியதால் சரிசெய்ய ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு கேசட்டுகளில் ஒன்றை எடுத்தார்.

ஆபீஸில் ஒரு முறை உண்டு. மேனேஜர் பேசி முடித்த கேசட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புவார். அடித்து முடித்ததும் டைப்பிஸ்ட் அதைக் கழற்றிவிடுவார். ரப்பர் பேண்ட் இருந்தால் வேலை பாக்கி, இல்லாவிட்டால் முடிந்தது. டைப்பிஸ்ட் ரப்பர் பேண்ட் இல்லாததைப் பார்த்துத்தான் எடுத்தார். அலமாரிக்குள் புகுந்தார். நாலைந்து தும்மல்களுக்குப் பிறகு, எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை, ஒரு குரல் வந்தது.

“எழுந்திரு. முதுகை நிமித்து. கண்ணாடியில தெரியறவனைப் பாரு. அவன் யாருக்கும் குறைஞ்சவன் இல்லை. மேனேஜர் கத்தினா கத்தட்டும். அவர்கிட்ட இருக்கறது சத்தம், உன்கிட்ட இருக்கறது சரக்கு. கேக்க வேண்டியதை இன்னிக்கே கேளு.”

போட்டுக் கேட்டபோது மைத்துனன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான். “யார் மாமா இது?”

“நான்தான்னு நினைக்கறேன்,” என்றார் டைப்பிஸ்ட்.

மறுநாள் காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, சட்டை மாட்டும்போது ஒரு தடவை கேட்டுவிட்டு, கேசட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி ஆபீஸ் போனார். ஹெட்போனை மாட்டினார். வந்தது போன வாரமே அடித்து அனுப்பிய கடிதம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, நேற்று சாயங்காலம் சமையலறையில் சர்க்கரைப் பொட்டலத்தின் வாயில் மனைவி ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். அவர் எதன் மேல் பேசினாரோ, அதுதான் அடிக்க வேண்டிய கேசட்.

“மொத்த வியாபாரிக்கான லெட்டர் ரெடியா?” என்று அட்டெண்டர் வந்து நின்றார். “மத்தியானத் தபால்ல போகணுமாம்.”

உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்தும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மேனேஜர் யாரையோ தொலைபேசியில் வறுத்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கேட்ட குரல்தானே, என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடியாதா?

வியாபாரியின் புகார் அவருக்குத் தெரியும். வாங்கிய அலமாரிகளின் கதவுகள் கிறீச்சிடுகின்றன, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. டைப்பிஸ்ட் கண்ணை மூடி மேனேஜரின் குரலை வரவழைத்து, தட்டச்சில் விரலை வைத்தார். “கதவு கிறீச்சிடுவது அலமாரியின் குற்றமன்று, எண்ணெய் இடாதவரின் குற்றம். எங்கள் சரக்கை எவரிடமிருந்தும் நாங்கள் திருப்பி எடுத்த வழக்கமில்லை. தங்களிடமிருந்து அதைத் தொடங்கும் உத்தேசமும் இல்லை.” மேனேஜர் தொலைபேசியில் பேசியபடியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அது அவர் வழக்கம்.

இரண்டொரு நாளில் வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார். வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி. கையில் அந்தக் கடிதம். மேனேஜரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆபீஸே தட்டச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. சத்தமே வரவில்லை. வெளியே வந்த வியாபாரி, வாசலில் திரும்பி உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

“எண்ணெய் போட்டுக்கறேன் சார். இன்னும் கொஞ்சம் அலமாரி அனுப்பி வைங்க.”

அடுத்த நிமிஷம் மணி அடித்தது. டைப்பிஸ்ட் உள்ளே போனார். மேனேஜர் கடிதத்தின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை நான் சொன்னேனா?”

“ஆமா சார்.”

“இப்படியேவா?”

“கிட்டத்தட்ட, சார்.”

“அந்தக் கேசட்டைக் கொண்டாங்க. நான் பேசினதை நானே ஒரு தடவை கேக்கணும்.”

“நாடா சிக்கிடுச்சு சார். சரிபண்ண வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். நாளைக்கு...”

இன்னொரு நாள் கிடைத்தால் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று சொன்ன பொய். மேனேஜர் அட்டெண்டரைக் கூப்பிட்டார். “சைக்கிளை எடு. இவர் வீட்டுக்குப் போய் அந்தக் கேசட்டை வாங்கிட்டு வா.”

அட்டெண்டர் வாசலைத் தாண்டியதுமே டைப்பிஸ்ட் ஆபீஸ் தொலைபேசிக்கு ஓடினார். அவர் தெருவுக்கே தொலைபேசி என்றால் மளிகைக் கடையில் இருப்பதுதான். கடைக்காரர் கத்திக் கூப்பிட, மனைவி மூச்சு வாங்க வந்து எடுத்தாள்.

“அட்டெண்டர் வர்றார். ஆபீஸ் கேசட்டைக் கேப்பார். அதைக் குடுத்துடாதே. உன் பாட்டுக் கேசட்ல ஏதாவது ஒண்ணைக் குடுத்தனுப்பு.”

“எதுக்கு?”

“வந்து சொல்றேன். ஏதாவது ஒரு பாட்டு. சரியா?”

“ம்,” என்றாள்.

அந்த ‘ம்’மை நம்பி அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கேசட் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். பாட்டைக் கேட்டுவிட்டு மேனேஜர் கத்துவார், அவ்வளவுதானே. அட்டெண்டர் திரும்பி வந்து நேராக உள்ளே போனார். மேனேஜர் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “வீட்ல போய்க் கேக்கறேன்,” என்று கிளம்பியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது டைப்பிஸ்டுக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் கேட்டார். “எந்தப் பாட்டைக் குடுத்தே?”

“பாட்டா? என் பாட்டை எதுக்கு அந்த மனுஷனுக்குக் குடுக்கணும்? வாங்கினா திருப்பித் தருவாரா? ஆபீஸ் கேசட்டு ஆபீஸுக்கே போகட்டும்னு அதையே குடுத்துட்டேன்.”

டைப்பிஸ்ட் செருப்பைக் கழற்றாமலேயே தரையில் உட்கார்ந்தார்.

“உங்க ரப்பர் பேண்டையும் தேடி மாட்டித்தான் குடுத்தேன்,” என்றாள் அவள், நல்லது செய்த முகத்தோடு.

மறுநாள் ஆபீஸில், வேலை போய்விடும் என்று சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். குடை, தேநீர் டம்ளர், தட்டச்சுக்கு எழுத்துத் துடைக்கும் சின்ன பிரஷ். மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. கேசட்டுகள் வழக்கம்போல ரப்பர் பேண்டோடு வந்தன. அந்த ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. மேனேஜரின் குரலோ முன்னைவிட இப்போது கூடியிருந்தது. அதெல்லாம் தன் மேல் உள்ள கோபம்தான் என்று டைப்பிஸ்ட் எடுத்துக்கொண்டார்.

“இன்னும் ஏன் மாமா உங்களை விட்டு வச்சிருக்கார்?” என்றான் மைத்துனன்.

“எல்லாருக்கும் முன்னாடி வச்சுச் செய்யணும்னு காத்திருக்கார். பிரிவு உபசாரத்துல செய்வார்.”

தினமும் பயந்து பயந்து, ஒரு கட்டத்தில் பயப்படுவதற்கு அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. போகப்போகிற வேலைதானே என்று ஆனதும் உடம்பு லேசாகிவிட்டது. செருப்புக் கடைக்குப் போய், “இது என் அளவு இல்லை,” என்றார். கடைக்காரர் மாற்றித் தந்தார். அவ்வளவு சுலபமா என்று டைப்பிஸ்ட் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணக்கு கிளார்க்கைப் பார்த்து, “எழுந்திரு,” என்றார். அவன் எழுந்துவிட்டான்.

மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள், கதவைத் தட்டாமலேயே மேனேஜர் அறைக்குள் போனார்.

“சார், அந்த ஜன்னலோர நாற்காலி எனக்குச் சேர வேண்டியது. கேக்க வேண்டியதை இன்னிக்கே கேக்கணும்னு வந்தேன்.”

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் நிமிர்ந்து டைப்பிஸ்டின் வாயையே பார்த்தார். முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு என்னவோ போல் ஆனது.

“எடுத்துக்கோங்க,” என்றார், யாருக்கும் கேட்காத ஒரு குரலில். “எடுத்துக்கோங்க சார்.”

டைப்பிஸ்ட் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தன்னைச் சார் என்றது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

“பாத்தீங்களா?” என்று மைத்துனன் குதித்தான். “உங்க தன்னம்பிக்கை முன்னாடி அந்தச் சிங்கமே படுத்திடுச்சு மாமா.”

“அப்படித்தான் தோணுது,” என்றார் டைப்பிஸ்ட். கண்ணாடியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். மனைவிகூட அன்றைக்கு, பதிவு செய்ய வேண்டுமானால் தன் கேசட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

பிரிவு உபசாரம் ஒரு மத்தியானம், கோப்பு அலமாரிகளை நகர்த்தி இடம் பண்ணி நடந்தது. குடும்பங்களும் வந்திருந்தன. பழைய ஹெட் கிளார்க் மாலையோடு உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். புதிய ஹெட் கிளார்க் எழுந்து பேசினார். குரல் நடுங்கவில்லை. கடைசி வரிசையில் கணக்கு கிளார்க் வரைக்கும் கேட்டது. முன்வரிசையில், அவர் அதுவரை பார்த்திராத ஒரு அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மேனேஜரின் மனைவி என்று அட்டெண்டர் சொன்னார்.

கை தட்டல் அடங்கியது. அறையின் அந்தக் கோடியில் நாற்காலிகளை மடக்கி வைக்கத் தெரியவில்லை என்று மேனேஜர் அட்டெண்டரிடம் கர்ஜித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தேநீர் டம்ளரோடு மெதுவாகப் புதிய ஹெட் கிளார்க்கிடம் வந்தாள். கணவர் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, தினமும் காலையில உங்க கேசட்டைக் கேட்டாத்தான் இவர் வீட்டை விட்டே கிளம்பறார், இப்ப நாடா தேஞ்சு போய் ஆபீஸுக்கு வரவே பயப்படறார், இன்னொரு தடவை பேசிக் குடுங்களேன்.”