நாலாம் மாடியில் தமால்

"சண்முகலிங்கம், உடனே மேலே வாங்க! உங்கள் ஆள், தமிழர் ஒருவர் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்தான்!"

தாதி பதறிய பதற்றத்தில், சுவிஸ், பாசல் மருத்துவமனைச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சண்முகலிங்கம் தொப்பியோடும் ஏப்ரனோடும் நாலாம் மாடிக்கு ஓடினார். 1986, மாசி மாதம்.

கட்டிலில் ஒரு கிழவர். பனியில் விழுந்து கால் முறிந்திருந்தது. வீங்கிய உதட்டால், "தம்ல்... தம்ல்..." என்று முனகினார்.

"ஐயா, யாழ்ப்பாணத்தில எவடம்?"

கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, புரியாத பாஷையில் ஏதோ சொல்லி அழுதார்.

"இவர் தமிழரில்லை" என்றார் சண்முகலிங்கம்.

தாதி கிழவரின் கோட்டுப்பையைத் துழாவினால் மெக்சிக்கோ பாஸ்போர்ட். உணவு ஆலோசகர் ஃபிராவ் கெல்லர் தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"தமால்! சோளமா, பன்றிக்கொழுப்பு, கோழி, மிளகாய். சோளப்பொத்தித் தோலில் சுற்றி அவிப்பது. ஒன்றில் இருநூற்றைம்பது கலோரி, பத்துக் கிராம் புரதம். பாவம், உங்கள் சமையல் உடுப்பைப் பார்த்துத்தான் அழுகிறார்!"

சண்முகலிங்கம் கீழே ஓடினார்.

"அக்கா, சோளமா இருக்கோ?"

"பொலெந்தா ரவைதான் கிடக்கு, அதுவும் சோளந்தான்" என்றார் கூட வேலைசெய்யும் இரத்தினம்மா.

பன்றிக்கொழுப்பை ஃபிராவ் கெல்லர் தடுத்துவிட்டார், நோயாளிக்குக் கொலஸ்ட்ரால். கொழுப்பில்லாத மா புட்டாக உதிர்ந்தது. சுடுநீர் விட்டதும் கூழானது. சண்முகலிங்கம் கோதுமைமா கொட்டிப் பிசைந்தார். சுவரில் எறிந்தால் திரும்பி வரும்போல இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஃபிராவ் கெல்லர் கலோரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"தள்ளு தம்பி!"

இரத்தினம்மா புதிதாகத் தொடங்கினார். பொலெந்தாவோடு வறுத்த அரிசிமா, கொஞ்சம் பட்டர். உள்ளே தன் மத்தியானச் சாப்பாட்டுக் கோழிக்கறி. சோளத் தோலுக்குப் பதில் கோவா, அதாவது முட்டைக்கோஸ் இலை.

"இது தமாலோ, அக்கா?"

"கொழுக்கட்டை மாதிரிக் கிடக்கு. அந்தாள் சாப்பிட்டாச் சரி."

கிழவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

ஒன்று முடிந்தது. இரண்டு, மூன்று. கிழவர் நாலாவதற்குக் கை நீட்டியதும் தாதி கைதட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, மெக்சிக்கோவிலிருந்து அவருடைய மகள் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கிழவர் அவள் காதில் நெடுநேரம் கிசுகிசுத்தார். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு சண்முகலிங்கத்தைப் பார்த்து, தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னாள்:

"பனியில் விழுந்த அப்பாவைத் தோளில் தூக்கிவந்தவர், தான் தமிழர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம், நன்றி சொல்லாமல் சாப்பிடமாட்டேன் என்றுதான் அப்பா நாலு நாளாக ஒரு தமிழரைக் கேட்டிருக்கிறார்... அதோடு, இந்தத் தமிழ்ப் பலகாரத்துக்கு என்ன பெயர் என்றும் கேட்கிறார்!"